இயந்திரத்தின் தீர்ப்பும் கரையோர மக்களின் மொழியும்

செயற்கை நுண்ணறிவுத் தொழில்நுட்பத்தை எவ்வாறு நெறிப்படுத்துவது என்ற வினாவுக்கு விடை காணும் பொருட்டு, ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2025 ஓகஸ்ட் மாதத்தில் இரண்டு புதிய அமைப்புகளை உருவாக்கியது. ஒன்று 40 நிபுணர்களைக் கொண்ட சுயாதீன சர்வதேச விஞ்ஞானக் குழு. மற்றையது அங்கத்துவ நாடுகள் யாவும் பங்குபற்றக்கூடிய உலகளாவிய கலந்துரையாடல். இக்கலந்துரையாடல் 2026 இல் ஜெனீவாவிலும் 2027 இல் நியூயோர்க்கிலும் நடைபெறுமென அத்தீர்மானத்தில் குறிக்கப்பட்டது.

இவ்வாறானதோர் ஏற்பாடு ஏன் தேவைப்பட்டது என்பதற்கு, 2024 செப்டெம்பரில் ஐ.நா. செயலாளர் நாயகத்தின் உயர்மட்ட ஆலோசனைக் குழு வெளியிட்ட இறுதி அறிக்கையிலேயே விளக்கம் உண்டு. ஐ.நா.வுக்கு வெளியே, செயற்கை நுண்ணறிவின் ஆளுகை தொடர்பாக அண்மைக்காலத்தில் மேற்கொள்ளப்பட்ட முக்கியமான ஏழு சர்வதேச முயற்சிகளை அக்குழு ஆராய்ந்தது. அவை ஏழிலும் பங்காளிகளாக இருந்தவை ஏழு நாடுகள் மாத்திரமே. 118 நாடுகள் அவற்றுள் ஒன்றிலேனும் பங்காளிகளாக இருக்கவில்லை. அந்த 118 நாடுகளுள் மிகப் பெரும்பாலானவை வளர்முக நாடுகள். விதிகளை வகுப்போர் ஓரிடத்திலும் அவ்விதிகளின் விளைவுகளைச் சுமப்போர் வேறோரிடத்திலும் இருக்கின்றனர் என்பதையே இக்கணக்கு உணர்த்துகிறது.

ஜெனீவாவிலும் நியூயோர்க்கிலும் நடப்பவை கற்பிட்டியில் வலை இழுப்பவருக்கும் புத்தளத்து உப்பளத்தில் கூலிக்கு நிற்பவருக்கும் தொலைதூரச் செய்திகளாகத் தோன்றக்கூடும். எனினும், இயந்திரங்களின் கணிப்புகள் மனித வாழ்வில் குறுக்கிடும்போது என்ன நிகழும் என்பதை இலங்கையில் முன்கூட்டியே அனுபவித்த பிரதேசங்களுள் புத்தளம் மாவட்டத்தின் கரையோரமும் ஒன்றாகும். தன்னைப் பற்றி எடுக்கப்படும் தீர்மானத்தைத் தன் மொழியில் விளங்கிக்கொள்ளவும், அது பிழையாயின் அருகிலுள்ள ஓர் அதிகாரியிடம் சென்று மாற்றிக்கொள்ளவும் சாதாரண மனிதனுக்கு வழியில்லையெனில், எந்தச் சர்வதேச சாசனமும் அவனுக்குப் பயன்படப்போவதில்லை. இதனையே இக்கட்டுரையில் நாம் வலியுறுத்த விரும்புகிறோம்.

பல மொழிகள் சந்திக்கும் கரை

வடக்கே பொன்பரப்பி தொடக்கம் தெற்கே மா ஓயாவின் முகத்துவாரம் வரை நீண்டு கிடக்கும் இக்கரையோரம், மொழியாலும் மதத்தாலும் பன்முகப்பட்டது. உடப்பில் தமிழ் இந்து மீனவர்களும், புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளில் தமிழ் பேசும் முஸ்லிம்களும், சிலாபத்திலிருந்து வென்னப்புவ வரை கத்தோலிக்கரும் செறிந்து வாழ்கின்றனர். அக்கத்தோலிக்கக் குடும்பங்களுள் பல, ஒரு காலத்தில் வீட்டில் தமிழ் பேசி, பின்னர் பாடசாலைக் கல்வியின் வழியாகச் சிங்களத்துக்கு மாறியவை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்களுள் பெரும்பாலானோர் வந்து தங்கியதும் இம்மாவட்டத்திலேயே. ஆகவே, மன்னார்ப் பேச்சும் யாழ்ப்பாணப் பேச்சும் புத்தளப் பேச்சும் இங்கு ஒரே சந்தையில் கலந்து ஒலிக்கின்றன.

இத்தகையதொரு பிரதேசத்தில், மனிதர் பேசுவதையும் எழுதுவதையும் சரியாக விளங்கிக்கொள்வது மனிதருக்கே சில வேளைகளில் கடினமாகிவிடுகிறது. 2019 மே 12 ஆம் திகதி சிலாபத்தில் நிகழ்ந்தது அதற்குத் துயரமான சான்று.

உயிர்த்த ஞாயிறு குண்டுத்தாக்குதல்களில் 260 க்கும் மேற்பட்டோர் பலியாகி மூன்று வாரங்களே கடந்திருந்த வேளை அது. முஸ்லிம் வர்த்தகர் ஒருவர் முகநூலில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார். அதிகம் சிரிக்காதே, ஒருநாள் அழுவாய் என்பதே அதன் பொருள். முகநூல் வாய்த்தகராறுகளில் அன்றாடம் காணக்கூடிய அந்த வரி, மற்றொரு தாக்குதலுக்கான முன்னறிவித்தலாகப் பொருள்கொள்ளப்பட்டுப் பரவியது. கடைகள் தாக்கப்பட்டன, பள்ளிவாசல் மீது கல்லெறியப்பட்டது, ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது, எழுதியவர் கைதுசெய்யப்பட்டார். மறுநாள் வன்முறை குளியாப்பிட்டிய, ஹெட்டிப்பொல, மினுவாங்கொட ஆகிய இடங்களுக்கும் பரவியது. புத்தளம் மாவட்டத்தின் கொட்டாரமுல்லயில் தச்சுத் தொழில் செய்துவந்த முஸ்லிம் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். அரசாங்கம் சமூக ஊடகங்களைத் தற்காலிகமாக முடக்கியது.

அவ்வன்முறைக்கு இயந்திரத்தை மட்டும் குற்றஞ்சாட்டுதல் நேர்மையாகாது. கல்லெறிந்தவை மனிதக் கைகளே; அவற்றின் பின்னே அரசியலும் இருந்தது. ஆயினும், ஒரு பதிவு எத்தனை பேரின் கண்களுக்குக் காட்டப்பட வேண்டும், எது முதலில் காட்டப்பட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது இத்தகைய தளங்களின் தன்னியக்கக் கணிப்பு முறைகளே என்பதை மறந்துவிடலாகாது. எந்தப் பதிவுக்கு அதிகமானோர் பதிலெழுதுகின்றனரோ, எது அதிகமாகப் பகிரப்படுகின்றதோ, அதனை மேலும் பலருக்கு முன் கொண்டுசெல்வது அம்முறைகளின் இயல்பு. அச்சமும் ஆத்திரமும் அதிகமாகப் பகிரப்படும் சரக்குகள் என்பது சொல்லித் தெரியவேண்டியதில்லை.

அதற்கு முந்திய ஆண்டில், அதாவது 2018 பெப்ரவரி, மார்ச் மாதங்களில் அம்பாறையிலும் திகனவிலும் நடந்த வன்செயல்களின்போதும் முகநூல் பெரும் பங்கு வகித்தது. அம்பாறையில் முஸ்லிம் உணவகமொன்றின் உணவில் மலட்டுத்தன்மையை ஏற்படுத்தும் மாத்திரை கலக்கப்பட்டதாகப் பரப்பப்பட்ட கதை பொய்யென்றும், காணப்பட்டது வெறும் மாக்கட்டியே என்றும் அரச இரசாயனப் பகுப்பாய்வில் தெரியவந்தது. ஆனால், அவ்வுண்மை வெளிவருமுன்னரே சேதம் நிகழ்ந்து முடிந்திருந்தது. இது தொடர்பாகச் சுயாதீன நிறுவனமொன்றைக் கொண்டு மனித உரிமை மதிப்பீடு செய்வித்த முகநூல் நிறுவனம், 2020 மே மாதத்தில் அதனை வெளியிட்டு மன்னிப்புக் கோரியது. உள்ளூர் மொழி அறிந்த பணியாளர்களைச் சேர்த்துள்ளதாகவும், வெறுப்புப் பேச்சைக் கண்டறியும் தொழில்நுட்பத்தை விரிவாக்கியுள்ளதாகவும் அறிவித்தது. வன்முறை நடந்து இரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னர் வந்த மன்னிப்பு அது.

இயந்திரம் நம் மொழியை எவ்வாறு படிக்கிறது?

வெறுப்புப் பேச்சைக் கண்டறியும் இயந்திரம் எவ்வாறு இயங்குகிறது என்பதைச் சற்று விளக்குவது பொருத்தமாகும். ஆயிரக்கணக்கான வாக்கியங்களை மனிதர்கள் வாசித்து, இது தீங்கானது, இது தீங்கற்றது எனக் குறியிட்டு இயந்திரத்திடம் கொடுக்கின்றனர். அவ்வுதாரணங்களிலுள்ள பொதுத் தன்மைகளை இயந்திரம் கணித முறையில் கற்றுக்கொள்கிறது. பின்னர் புதியதொரு வாக்கியம் வரும்போது, அது எந்த வகையைச் சார்ந்திருக்கும் என ஊகிக்கிறது. உதாரணங்கள் பெருகப் பெருக ஊகம் சீராகும். குறையக் குறையத் தடுமாறும்.

உலக இணையத்தளங்களில் ஏறத்தாழ அரைவாசி ஆங்கிலத்தில் உள்ளன. தமிழுக்கும் சிங்களத்துக்கும் கிடைப்பது மிகச் சிறிய பங்கு. அந்தத் தமிழிலும் பெரும்பகுதி தமிழகத்தின் எழுத்து நடையாகவே இருக்கிறது. வாப்பா, உம்மா, மௌத்து, ஹயாத்து எனப் புழங்கும் இலங்கை முஸ்லிம்களின் தமிழையும், உடப்பு மீனவரின் பேச்சையும் அந்த இயந்திரம் எங்கே கற்றிருக்கப் போகிறது? போதாக்குறைக்கு, எமது இளைஞர்களுள் பலர் கையடக்கத் தொலைபேசியில் தமிழையும் சிங்களத்தையும் ஆங்கில எழுத்துகளிலேயே தட்டச்சு செய்கின்றனர். ஒரே சொல்லைப் பத்துப் பேர் பத்து விதமாக எழுதுவர். கற்றறிந்த மனிதருக்கு விளங்குவது இயந்திரத்துக்குப் புதிராகிவிடுகிறது.

வேறொரு தடையும் உண்டு. மொழியைக் கையாளும் இயந்திரங்கள் எழுத்துகளையும் சொற்களையும் அப்படியே படிப்பதில்லை. வாக்கியத்தைச் சிறு துண்டுகளாக உடைத்தே படிக்கின்றன. ஆங்கிலத்தை மனத்திற்கொண்டு அமைக்கப்பட்ட முறைகளில் ஓர் ஆங்கிலச் சொல் பெரும்பாலும் ஒரு துண்டாக நிற்க, அதற்கீடான தமிழ்ச் சொல் பல துண்டுகளாகச் சிதறுகிறது. கட்டணமோ துண்டுகளின் எண்ணிக்கையைக் கொண்டே அறவிடப்படுகிறது. ஆகவே, ஒரே செய்தியைத் தமிழில் கையாள்வதற்குச் செலவும் நேரமும் கூடுகின்றன. புதிய இயந்திரங்களில் இக்குறை குறைந்து வருகின்றதாயினும் முற்றாக நீங்கிவிடவில்லை.

மொழியறியாமையின் விளைவு தீங்கானதைத் தவறவிடுவது மட்டுமன்று. தீங்கற்றதை நீக்கிவிடுவதும் அதன் விளைவே. ஷஹீத் என்ற அரபுச் சொல்லை எடுத்துக்கொள்வோம். உயிர்த்தியாகி என்ற பொருளிலும், விபத்திலோ அனர்த்தத்திலோ இறந்தவரைக் கண்ணியப்படுத்தும் பொருளிலும் முஸ்லிம்கள் அதனைப் பயன்படுத்துகின்றனர். பலருக்கு அது இயற்பெயராகவும் இருக்கிறது. முகநூலின் தாய் நிறுவனமான மெட்டா, தான் ஆபத்தானவர்களெனப் பட்டியலிட்டோரைக் குறித்து இச்சொல் வருமிடங்களிலெல்லாம் பதிவுகளை நீக்கிவந்தது. அந்நிறுவனத்தின் தளங்களில் வேறெந்தச் சொல்லையும் விட இச்சொல்லின் காரணமாகவே அதிகமான பதிவுகள் நீக்கப்பட்டிருக்கக்கூடும் எனக் கூறிய அதன் மேற்பார்வைச் சபை, சந்தர்ப்பத்தைக் கருதாத இந்நடைமுறையைக் கைவிடுமாறு 2024 மார்ச்சில் பரிந்துரைத்தது. சிலாபத்தில் ஒரு வரியை மனிதர் பிழையாகப் படித்தனர். இங்கு ஒரு சொல்லை விதியே பிழையாகப் படித்தது. இரண்டிலும் சந்தர்ப்பம் கைவிடப்பட்டது என்பதே பொதுவான குறை.

புள்ளிகளால் அளக்கப்படும் வறுமை

சமூக ஊடகங்கள் தனியார் நிறுவனங்களுக்குரியவை. அரசாங்கமே கணினியின் துணையுடன் மக்களைத் தரம் பிரிக்கும்போது என்ன நிகழ்கிறது என்பதை அடுத்து நோக்குவோம்.

பொருளாதார நெருக்கடியைத் தொடர்ந்து 2023 ஜூலையில் அஸ்வெசும நலன்புரித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்துகள், வீட்டு வசதி, குடும்ப அமைப்பு ஆகிய ஆறு துறைகளிலிருந்து 22 குறிகாட்டிகள் தெரிவுசெய்யப்பட்டு, அவற்றுக்கான புள்ளிகளின் அடிப்படையில் குடும்பங்கள் வகைப்படுத்தப்பட்டன. ஆரம்பத்தில் நிலைமாறு பிரிவினருக்கு 2,500 ரூபா, பாதிக்கப்படக்கூடியோருக்கு 5,000 ரூபா, வறியோருக்கு 8,500 ரூபா, மிக வறியோருக்கு 15,000 ரூபா என மாதாந்தக் கொடுப்பனவு நிர்ணயிக்கப்பட்டது. பயனாளிகள் பட்டியல் வெளியான சில வாரங்களுக்குள்ளேயே ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட மேன்முறையீடுகள் குவிந்தன.

அஸ்வெசும கணிப்பு முறையைச் செயற்கை நுண்ணறிவு எனக் கூறுவது பொருந்தாது. அது முன்கூட்டியே வகுக்கப்பட்ட ஒரு வாய்பாடு. அரசியல்வாதியின் சிபாரிசுக்குப் பதிலாக எல்லோருக்கும் ஒரே அளவுகோல் என்ற அதன் நோக்கத்தையும் நாம் குறைகூறவில்லை. எனினும், நாளை வரவிருக்கும் நுண்ணறிவு இயந்திரங்கள் இத்தகைய தரவுகளின் மீதே எழுப்பப்படும் என்பதால், இதன் படிப்பினைகள் பெறுமதியானவை.

புத்தளம் களப்பை நம்பி வாழும் குடும்பமொன்றின் வருமானம் மாதாமாதம் ஒரே அளவில் வருவதில்லை. பருவக்காற்று மாறும்போது கரைவிட்டுக் கரை சென்று வாடியமைத்துத் தொழில் செய்யும் மீனவர்கள் இக்கரையோரத்தில் அனேகர். மழை தொடங்கியதும் உப்பளத்தில் வேலை நின்றுவிடும். தொழில் நடக்கும் மாதத்தில் கணக்கெடுத்தால் ஒரு புள்ளி. தொழிலற்ற மாதத்தில் கணக்கெடுத்தால் வேறொரு புள்ளி. கடனில் வாங்கிய படகும் இயந்திரமும் பட்டியலில் சொத்தாகத் தெரியும். அதன்மேல் ஏறியிருக்கும் கடன் தெரியாது. ஊரை அறிந்த ஒருவர் நேரில் விசாரித்தால் ஐந்து நிமிடத்தில் விளங்கக்கூடிய இவ்விடயத்தை, வாய்பாடு ஒன்று தானாக விளங்கிக்கொள்ளாது.

இவ்வாறான முறைகள் பெரிய அளவில் பிழைத்தமைக்கு அயல்நாட்டில் உதாரணம் உண்டு. இந்தியாவின் தெலுங்கானா மாநிலத்தில் 2014 க்கும் 2019 க்கும் இடையில் 18 இலட்சத்துக்கும் மேற்பட்ட உணவுப் பங்கீட்டு அட்டைகள் முன்னறிவித்தலின்றி இரத்துச் செய்யப்பட்டன. பல்வேறு அரச திணைக்களங்களின் தரவுகளை ஒன்றிணைத்து ஒருவரின் வசதியைக் கணிக்கும் சமக்ர வேதிகா என்ற கணினி முறை இதில் பயன்படுத்தப்பட்டது. ஹைதராபாத்தில் ரிக்ஷா இழுத்துப் பிழைத்த முஸ்லிம் ஒருவரின் குடும்பம், மோட்டார் கார் வைத்திருப்பதாகக் காட்டி நிராகரிக்கப்பட்டது. காருக்குச் சொந்தக்காரர் அவரையொத்த பெயருடைய வேறொருவர். இரத்துச் செய்யப்பட்ட அட்டைகளை நேரடியாக விசாரித்து மீளாய்வு செய்யுமாறு இந்திய உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. அம்மீளாய்வில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தகுதியுடையவை எனத் தெரியவந்தது. அதுவரை அக்குடும்பங்கள் இழந்த அரிசியை யார் திருப்பிக் கொடுப்பது?

வளர்ந்த நாடுகளும் இதற்கு விலக்கல்ல. நெதர்லாந்தில் சிறுவர் பராமரிப்புக் கொடுப்பனவில் மோசடி செய்வோரைக் கண்டறிய வரித் திணைக்களம் பயன்படுத்திய கணிப்பு முறையில் குடியுரிமையும் ஓர் அம்சமாகச் சேர்க்கப்பட்டிருந்தது. வெளிநாட்டுப் பூர்வீகமுடையோர் உட்படப் பல்லாயிரம் பெற்றோர் குற்றமிழைக்காமலே கடனாளிகளாக்கப்பட்டனர். 2021 ஜனவரியில் அந்நாட்டு அரசாங்கமே இராஜிநாமாச் செய்ய நேர்ந்தது. செல்வமும் சட்டமும் நிறைந்த நாட்டில் இந்நிலையெனில், முறையிடுவதற்கே மொழி தடையாக இருக்கும் நாட்டின் நிலை என்னவாகும்?

பெயரில் தொடங்கும் பிழை

ஹைதராபாத்தில் நிகழ்ந்த பெயர்க் குழப்பம் எமது வாசகர்களுக்கு அந்நியமானதன்று. முஹம்மது என்ற ஒரே பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒருவிதமாகவும், அடையாள அட்டையில் மற்றொரு விதமாகவும், வங்கிப் புத்தகத்தில் மூன்றாவது விதமாகவும் எழுதப்பட்டிருப்பது புத்தளத்தில் சாதாரணம். இலங்கை முஸ்லிம்களின் பெயர்களுக்கு முன்னே மூன்று, நான்கு முதலெழுத்துகள் நிற்கும். தமிழரிடையே தந்தையின் பெயரே முதலெழுத்தாகும். திருமணத்தின் பின் பெண்ணின் முதலெழுத்து மாறும். குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என மேலைநாட்டு முறைப்படி இரு கட்டங்களை மட்டுமே கொண்ட படிவம், எமது பெயர்களைக் கண்டபடி வெட்டி ஒட்டிவிடுகிறது. தமிழில் எழுதப்பட்ட பெயர் சிங்களம் வழியாக ஆங்கிலத்துக்குப் போகும்போது மேலும் திரிபடைகிறது.

இடம்பெயர்ந்தோரின் நிலை இன்னும் சிக்கலானது. பிறப்புப் பதிவு மன்னாரில், திருமணப் பதிவு புத்தளத்தில், வாக்காளர் பதிவு ஒரு காலத்தில் அங்கும் இன்னொரு காலத்தில் இங்கும் என அவர்களின் ஆவணங்கள் சிதறிக் கிடக்கின்றன. 1990 இல் சில மணி நேர அவகாசத்தில் வீட்டைவிட்டு வெளியேறியவர்கள் எல்லா ஆவணங்களையும் எடுத்துவந்திருக்க முடியாது. தரவுகளை ஒப்பிட்டு முரண்பாடு தேடும் இயந்திரத்துக்கு, அகதி வாழ்வின் தழும்புகள் மோசடியின் அறிகுறிகளாகத் தோன்றும் ஆபத்து மெய்யானது.

கைவிரல் அடையாளம், கருவிழி, முகம் ஆகியவற்றைப் பதிவுசெய்து பிரஜைகளுக்குத் தனித்துவமான டிஜிட்டல் அடையாளம் வழங்கும் திட்டத்துக்காக, இந்திய நிதியுதவியுடனான ஒப்பந்தமொன்றில் இலங்கை 2022 மார்ச்சில் கைச்சாத்திட்டது. உப்பிலும் வலைக்கயிற்றிலும் தேய்ந்த விரல்களின் ரேகையை இயந்திரம் வாசிக்கத் தவறுவது இயல்பே. அத்தகையோருக்கு மாற்றுவழி என்ன என்பது திட்டம் நடைமுறைக்கு வருமுன் தீர்க்கப்பட வேண்டிய விடயமாகும். மக்கள் அரசிடம் கையளிக்கும் தரவு ஓர் அமானிதம். அதனைப் பெற்றவர் அதற்குப் பொறுப்புக் கூறவும் கடமைப்பட்டவர்.

நன்மையும் மொழி வழியாகவே வரும்

மேற்கூறியவற்றை வாசித்து, இத்தொழில்நுட்பமே வேண்டாமென எவரும் முடிவுசெய்துவிடலாகாது. விலகி நிற்பதனாலும் இழப்பு உண்டு.

2025 ஆம் ஆண்டின் பருவமழைக் காலத்தில், செயற்கை நுண்ணறிவின் துணைகொண்டு கணிக்கப்பட்ட மழை முன்னறிவிப்பை இந்திய விவசாய அமைச்சு சுமார் 3 கோடியே 80 இலட்சம் விவசாயிகளுக்குக் குறுந்தகவல் மூலம் அனுப்பியது. பெரும் பணச் செலவின்றி, மழை எப்போது தொடங்கும் என்பதைச் சில வாரங்களுக்கு முன்னரே விவசாயி அறிந்து விதைப்பைத் திட்டமிட இது உதவியது. கடலில் காற்றின் போக்கையும் அலையின் உயரத்தையும் கற்பிட்டி மீனவர் தன் மொழியில் கேட்டறிய முடியுமாயின், அதனால் காக்கப்படும் உயிர்கள் பல.

இதே ஆண்டின் நவம்பர் இறுதியில் இலங்கையைத் தாக்கிய டித்வா சூறாவளி எதிர்மாறான பாடத்தைக் கற்பித்தது. 600 க்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்ட அவ்வனர்த்தத்தில் புத்தளம் மாவட்டமும் வெள்ளத்தில் மூழ்கியது. உத்தியோகபூர்வ எச்சரிக்கைகள் தமிழில் குறைவாகவும் தாமதமாகவும் கிடைத்தன என்ற விமர்சனம் அப்போது பரவலாக எழுந்தது. சிங்களமும் தமிழும் அரசகரும மொழிகளென 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தத்தின் மூலம் அரசியலமைப்பு ஏற்றுக்கொண்டு பல தசாப்தங்கள் கழிந்த பின்னரும் இந்நிலை நீடிக்கிறது. மனிதர் இயக்கும் நிர்வாகத்தில் தமிழுக்கு இடமில்லாதபோது, அந்நிர்வாகத்தின் தரவுகளிலிருந்து கற்கும் இயந்திரத்தில் தமிழுக்கு இடம் தானாக வந்துவிடாது.

சட்டம் உண்டு, வழி உண்டா?

இலங்கையில் சட்டமே இல்லையெனக் கூறமுடியாது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், முற்றிலும் தன்னியக்க முறையில் எடுக்கப்பட்ட தீர்மானமொன்றை மீளாய்வு செய்யுமாறு கோரும் உரிமையை வகுத்தது. தெற்காசியாவில் முன்மாதிரியான ஏற்பாடு இதுவெனலாம். ஆனால், 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் பிரதான பகுதிகள் பிற்போடப்பட்டன. அவ்வாண்டிலேயே சட்டமும் திருத்தப்பட்டது.

உரிமையின் வாசகத்திலும் இரண்டு இடைவெளிகள் உள்ளன. முதலாவது, தீர்மானம் முற்றிலும் தன்னியக்கமானதாக இருத்தல் வேண்டும். இயந்திரம் சொன்னதை ஓர் அதிகாரி வாசிக்காமலே கையொப்பமிட்டால், அது மனிதர் எடுத்த தீர்மானமென வாதிட இடமுண்டு. இரண்டாவது, அதன் பாதிப்பு மீளமுடியாததாகவும் தொடர்ச்சியானதாகவும் இருத்தல் வேண்டும். மூன்று மாதம் நிறுத்தப்பட்டுப் பின்னர் வழங்கப்பட்ட கொடுப்பனவு மீளக்கூடிய பாதிப்புத்தானே என ஒரு சட்டத்தரணி கேட்கக்கூடும். அந்த மூன்று மாதம் அடுப்பு எரியாத வீட்டில் அவ்வாறு கேட்க முடியாது.

2024 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டமோ வேறு திசையில் செல்கிறது. எழுதியவரைத் தண்டிப்பதிலேயே அதன் கவனம் அதிகம். ஜனாதிபதி நியமிக்கும் ஆணைக்குழுவொன்றுக்கு, எது பொய்யெனத் தீர்மானிக்கும் அதிகாரத்தை அது அளிப்பதாக ஊடக அமைப்புகளும் மனித உரிமை அமைப்புகளும் கடும் கண்டனம் தெரிவித்தன. சிலாபத்தில் கைதானவர் எழுதியவரே என்பதை இங்கு நினைவுகூர்வது தகும். ஒரு வரியைப் பிழையாகப் படித்துப் பரப்பியோரையும், அதனை இலட்சம் பேரின் கைத்தொலைபேசிக்குக் கொண்டுசேர்த்த நிறுவனத்தையும் விட்டுவிட்டு, எழுதியவரை மட்டும் தேடும் சட்டத்தால் சிறுபான்மை மக்களுக்குப் பாதுகாப்புக் கிடைக்குமா என்பது ஐயத்துக்குரியது.

ஐரோப்பிய ஒன்றியம் 2024 ஓகஸ்டில் நடைமுறைப்படுத்தத் தொடங்கிய செயற்கை நுண்ணறிவுச் சட்டம், அரச நலன்புரி உதவிக்கான தகுதியைத் தீர்மானிக்கும் முறைகளை அதிக ஆபத்துள்ளவையென வகைப்படுத்தி, மனித மேற்பார்வையைக் கட்டாயமாக்கியது. நமக்கு நெருக்கமான உதாரணமும் உண்டு. தமிழ்நாடு அரசாங்கம் 2020 ஆம் ஆண்டிலேயே பாதுகாப்பான, நெறிமுறை சார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கையொன்றை வெளியிட்டது. பொதுமக்களுக்கான சேவையில் ஓர் இயந்திரத்தை ஈடுபடுத்துமுன், சமத்துவம், தனியுரிமை, கணக்காய்வு முதலியவற்றில் அதனை மதிப்பிட வேண்டுமென்பது அதன் அடிப்படை. வளர்முகப் பிரதேசங்களும் தமக்கான விதிகளைத் தாமே எழுத முடியும் என்பதற்கு இதுவொரு சான்றாகும்.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, அரச நிறுவனங்கள் மக்களைப் பற்றித் தீர்மானிப்பதற்குப் பயன்படுத்தும் கணிப்பு முறைகள் யாவை என்பதை மூன்று மொழிகளிலும் பகிரங்கப் பதிவேடாக வெளியிட வேண்டும். 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இதற்குப் போதிய அடித்தளமாகும். எந்தக் குறிகாட்டிக்கு எத்தனை புள்ளி என்பதைப் பாதிக்கப்பட்டவர் அறியமுடியாதெனில், அவரது மேன்முறையீடு இருட்டில் எய்த அம்பாகவே முடியும்.

இரண்டாவதாக, எந்த முறையும் நடைமுறைக்கு வருமுன் இந்நாட்டுப் பெயர்கள், இந்நாட்டுத் தொழில்கள், இந்நாட்டுப் பேச்சு ஆகியவற்றைக் கொண்டு சோதிக்கப்பட வேண்டும். அச்சோதனையில் மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள், பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைகள், கோயில் பரிபாலன சபைகள், பங்கு மக்கள், மாதர் அமைப்புகள் ஆகியோரின் கருத்தும் கேட்கப்பட வேண்டும். கொழும்பு விடுதியொன்றில் ஆங்கிலத்தில் நடக்கும் ஆலோசனைக் கூட்டம் மக்களின் கருத்தறிதல் ஆகாது.

மூன்றாவதாக, உதவியை மறுக்கும் அல்லது நிறுத்தும் எந்தத் தீர்மானமும், அதனை மாற்றும் அதிகாரமுள்ள ஒரு மனிதர் பரிசீலித்த பின்னரே செல்லுபடியாக வேண்டும். அம்மனிதர் பிரதேச செயலகத்தில் இருத்தல் வேண்டும். எழுத வாசிக்கத் தெரியாத தாயொருத்தி தமிழில் வாய்மொழியாகச் சொல்லும் முறைப்பாட்டையும் அவர் ஏற்றுப் பதிவுசெய்ய வேண்டும். மேன்முறையீடு தீரும்வரை கொடுப்பனவு தொடர வேண்டும்.

நான்காவதாக, இலங்கையில் இயங்கும் சமூக ஊடக நிறுவனங்கள், தமிழும் சிங்களமும் அறிந்த பரிசீலகர்கள் எத்தனை பேர் தம்மிடம் உள்ளனர், இம்மொழிகளில் தமது இயந்திரங்கள் எந்தளவுக்குப் பிழைக்கின்றன என்பவற்றை ஆண்டுதோறும் வெளியிடுமாறு சட்டம் நிர்ப்பந்திக்க வேண்டும். தனியொரு சிறிய நாட்டின் கோரிக்கையை அந்நிறுவனங்கள் அலட்சியம் செய்யலாம். ஒரே குறையால் பாதிக்கப்பட்ட நாடுகள் ஒன்றுசேர்ந்து கேட்டால் அலட்சியம் செய்தல் எளிதன்று. ஐ.நா. கலந்துரையாடலில் இலங்கைப் பிரதிநிதிகள் எழுப்ப வேண்டிய கோரிக்கை இதுவே. மியன்மாரும் எத்தியோப்பியாவும் இதே குறையால் வருந்திய நாடுகள் என்பதால், தோழமைக்குப் பஞ்சமிருக்காது.

இவற்றுக்குப் பணம் எங்கே என்ற கேள்வி எழலாம். பிழையான தீர்மானத்துக்கும் ஒரு விலையுண்டு. அதனை அரசு கொடுக்காதபோது ஏழை கொடுக்கிறான் என்பதே வித்தியாசம். அஸ்வெசும திட்டத்தில் குவிந்த மேன்முறையீடுகளை விசாரிப்பதற்குச் செலவான மனித உழைப்பின் ஒரு பகுதியை, திட்டத்தை வகுக்கும் கட்டத்திலேயே செலவிட்டிருந்தால் மக்களின் அலைச்சலும் நிர்வாகத்தின் சுமையும் பெருமளவு குறைந்திருக்கும்.

தமிழ் பேசும் மக்களுக்கும் இதில் ஒரு கடமையுண்டு. நமது பேச்சும் எழுத்தும் இயந்திரங்களுக்கு எட்ட வேண்டுமாயின், அவை நம்மால் பேணப்பட்டு, ஒழுங்கான முறையில் பதிவாக வேண்டும். பல்கலைக்கழகங்களும் ஊடகங்களும் இப்பணியில் இணைய வேண்டும். தமிழரும் முஸ்லிம்களும் வேறு விடயங்களில் எவ்வளவு முரண்பட்டாலும், மொழி தொடர்பான இவ்விடயத்தில் இரு சாராரின் நலனும் ஒன்றே. இயந்திரம் தமிழைப் பிழையாகப் படிக்கும்போது உடப்பையும் புத்தளத்தையும் அது வேறுபிரித்துப் பார்க்கப்போவதில்லை.

2019 மே மாதத்தில் ஒரு வரியின் பொருளை நிதானித்துக் கேட்க ஒருவரும் இல்லாமற்போனமையால் சிலாபம் எரிந்தது. கொட்டாரமுல்லயில் ஓர் உயிர் பறிபோனது. அத்தகைய நிதானம் மனிதரிடம் இருக்க வேண்டும். மனிதர் ஆக்கும் இயந்திரங்களுக்கு அது விதியாகவே எழுதப்பட வேண்டும். ஜெனீவாவில் எழுதப்படும் விதி நல்லதா என்பதை, சிலாபத்திலும் புத்தளத்திலும் உள்ள ஒரு பிரதேச செயலகத்தின் கருமபீடத்தில் வைத்தே சோதிக்க வேண்டும். அங்கே ஓர் ஏழைக் குடும்பத்துக்கு அதன் மொழியில் பதில் கிடைக்கும் நாளிலேயே, இத்தொழில்நுட்பம் எல்லோருக்கும் உரியது என்ற கூற்று மெய்யாகும்.